பாடை ஸ்டாப்

புளிச்சங்குடிக்காரர்களிடம் கேட்டால், ஒரு பாடை தோளுயரத்தில் தானாக நிற்பதில் என்ன அதிசயம் இருக்கிறது என்று திருப்பிக் கேட்பார்கள். அதிசயம்தான் வேண்டுமென்றால் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு ஒரு டாக்டர் வந்த கதையைச் சொல்கிறோம், உட்கார்ந்து கேளுங்கள் என்பார்கள்.

ஆஸ்பத்திரி என்று இருந்ததென்னவோ உண்மை. கட்டடம் இருந்தது, பெயர்ப்பலகை இருந்தது, இரும்புக் கட்டில் இருந்தது, டாக்டர் மட்டும் இல்லை. கடைசியாக இருந்த டாக்டர் மாற்றலாகிப் போன வருஷம் பிறந்த பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடத்தில் பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். காய்ச்சல் என்றாலும் கடி என்றாலும் பிரசவம் என்றாலும் ஜில்லாத் தலைநகரத்துப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்; அந்த ரோடு நீளமானது, குண்டும் குழியுமானது, போனவர்களில் சிலர் பாதி வழியிலேயே திரும்பி வந்தார்கள், திரும்பி வரும்போது அவர்களுக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை.

ஊர் நலச்சங்கத்தின் செயலாளரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருமான மாசிலாமணி இதற்காகச் செய்யாத போராட்டம் இல்லை. மனுக் கொடுத்தார், மறியல் செய்தார், ஆஸ்பத்திரிச் சுவரில் பட்டை நாமம் வரைந்தார், எருமை மாட்டின் கழுத்தில் மனுவைக் கட்டிக் கலெக்டர் ஆபீஸுக்கு ஓட்டிக்கொண்டு போனார் (எருமை மனுவைத் தின்றுவிட்டது), கடைசியில் பூட்டுப் போடும் போராட்டம் என்று அறிவித்து, சங்கத்தின் சொந்தப் பூட்டை ஆஸ்பத்திரிக் கதவில் மாட்டி, சாவியைத் தன் இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டார். இப்படிப்பட்டவற்றை நம் பத்திரிகைகள் நூதனப் போராட்டம் என்று எழுதுகின்றன. மேல்நாடுகளில் இதையே ஒரு தனிக் கலை என்று வகுத்து, அதற்குக் கூடம் கட்டி, நுழைவுச்சீட்டு வைத்து, தாடி வைத்தவர்கள் தடித்த புத்தகங்கள் எழுதியிருக்கிறார்களாம். நம்மிடம் அதற்குக் கிடைப்பது ஏழாம் பக்கத்தில் நான்கு வரி, அதிலும் ஊர்ப்பெயரில் ஓர் எழுத்து தவறாக இருக்கும்.

எல்லாம் தோற்ற பிறகு, ஒரு பங்குனி மாதத்துச் சங்கக் கூட்டத்தில் மாசிலாமணி எழுந்து நின்று, "ஆஸ்பத்திரி செத்துப்போச்சு. முறையா எடுத்துடுவோம்" என்றார். கூட்டத்துக்கு யோசனை பிடித்துவிட்டது. பாடை கட்டுவது, பறை கொட்டுவது, ஒப்பாரி வைப்பது, ஊர்வலமாகப் போய் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பது என்று மளமளவென்று முடிவாயிற்று. ஆனால் கட்டடத்தைத் தூக்கிப் பாடையில் கிடத்த முடியாதல்லவா. அதன் இடத்தில் ஓர் ஆள் படுக்க வேண்டும்.

"எனக்கு இடுப்பு வலி சார், நேரா படுக்க முடியாது" என்றார் ஒருவர்.

"என் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கோம். இந்த நேரத்துல அப்பன் பாடையில படுத்தான்னு சேதி போச்சுன்னா என்னாகுறது?"

"நான் படுப்பேன் சார், ஆனா எம் பொண்டாட்டி சந்தோஷப்பட்டுருவா" என்றார் மூன்றாமவர்.

சிரிப்பு அடங்கியபோது, கடைசி வரிசையில் ஒரு கை தூக்கியபடி இருந்தது. எவ்வளவு நேரமாக அது தூக்கியிருந்தது என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அது அசையவே இல்லை.

அது தவசிலிங்கத்தின் கை. ஊர் அவரை அவன் என்றுதான் சொல்லும். நாம் அவர் என்போம், ஏனென்றால் வயதில் மூத்தவர், தவிரவும் பாடையில் படுத்தவர்களை மரியாதையோடு சொல்வது நம் வழக்கம். இளமையில் ஒரு நாடகக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றியவர். வசனம் கொடுத்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், அரசவைக் காட்சியில் தூணாகவும் காட்டுக் காட்சியில் புற்றாகவும் மயானக் காட்சியில் பிணமாகவும் நடித்தார். பிணமாக அவரைப்போல் நடிக்க ஆள் கிடையாது. ஒரு தடவை அவர் இமைமேல் ஈ உட்கார்ந்து முகம் கழுவி, எழுந்து, சுற்றிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தபோதும் இமை துடிக்கவில்லையாம்; முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் மேடையேறி வந்து வாயில் அரிசி போட்டுவிட்டுப் போனாராம். குழு கலைந்த பிறகு ரைஸ் மில்லில் காயவைத்த நெல்லுக்குக் காவல் நின்றார். மில்லின் பின்னறையில் தனியாகக் குடியிருந்தார். கல்யாணம் ஆகவில்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை. மில்லுக்காரர் அவரை ஏய் என்று கூப்பிடுவார், காக்கைகளுக்கு அவர் பெயர் தெரியாது. தன் பெயரை இன்னொருவர் வாயால் கேட்காத நாட்களே அவருக்கு அதிகம். அதனால், ஊரே தன்னைப் பார்க்கப்போகிறது, தனக்காக அழப்போகிறது என்று நினைத்தபோது கை தானாக மேலே போய்விட்டது.

இனி நடந்த தவறைச் சொல்ல வேண்டும். மாசிலாமணி எதையும் அரைகுறையாகச் செய்தால் மதிப்பெண் குறைக்கிறவர். போலிப் பாடை என்று ஒரு பயல் சொல்லக் கூடாது என்றார். ஆகவே பச்சை மூங்கில் வெட்டி, தென்னங்கீற்று முடைந்து, முறை தெரிந்த ஆட்களை வைத்துக் கட்டினார்கள். தவசிலிங்கத்தைக் குளிப்பாட்டினார்கள், கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள், வாய்க்கரிசி போட்டார்கள், சங்கு ஊதினார்கள், நான்கு பேர் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். முறையாகக் கட்டி முறையாகத் தூக்கிய பாடையை இரண்டே இடங்களில்தான் இறக்கலாம். தெற்கு முக்கில் திசை திருப்பும் கல்லில், அதற்கப்புறம் மயானத்தில். வேறெங்கும் இறக்கக் கூடாது. இது புளிச்சங்குடியில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு ஒருவருக்கும் நினைவு வரவில்லை, போராட்டம்தானே என்று இருந்துவிட்டார்கள். பாடைக்குப் போராட்டம் என்றால் என்னவென்று தெரியாது.

ஒப்பாரிக்கு வேம்பாயி முன்னால் நடந்தாள். ஆஸ்பத்திரிக்கு எதிரில் இட்லிக் கடை வைத்திருந்தவள். அவள் அழுதால் அடுத்த தெருவில் மாடு தண்ணீர் குடிக்காது என்பார்கள். சங்கத்தில் சொல்லிக்கொடுத்தபடிதான் ஆரம்பித்தாள்:

மச்சு வச்ச கட்டடமே – உனக்கு
மருந்து தர ஆளில்லையே

ஆனால் கடைத்தெரு தாண்டியதும் குரல் வேறு பாதைக்கு இறங்கிவிட்டது:

பாயெடுத்துப் போடுமுன்னே – என்னப் பெத்த தாயி
பாதியில போனியேடி
வண்டி குலுங்கையில – உன்ன
வாரிப் பிடிக்கலையே

கண்ணை மூடிக் கிடந்த தவசிலிங்கத்தின் பாதத்தில் சூடாக ஒரு சொட்டு விழுந்தது. மேடைகளில் எத்தனையோ தடவை செத்தவர்தான். கிளிசரின் கண்ணீருக்குச் சூடு கிடையாது என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் சப்-இன்ஸ்பெக்டர் ரூபவதி ஜீப்பைக் குறுக்கே நிறுத்தியிருந்தார். "போதும், இறக்குங்க கீழே."

நான்கு பேரும் குனிந்தார்கள். தோள்கள் இறங்கின, பாடை இறங்கவில்லை. நான்கு பேரும் தரையில் குந்திவிட்டார்கள். அவர்கள் தலைக்கு மேலே பாடை, தண்ணீரில் நிற்கிற ஓடம்போல லேசாக ஆடி, பிறகு அசையாமல் நின்றது.

"என்னய்யா விளையாட்டு?"

"நாங்க இறக்கிட்டோம் மேடம். அதுதான் இறங்க மாட்டேங்குது."

இரண்டு கான்ஸ்டபிள்கள் மூங்கிலைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார்கள். அவர்களுடைய கால்கள்தான் தரையை விட்டு எழும்பின. அறுத்துவிடலாம் என்று ஒருவர் சொல்ல, பாடையை அவிழ்க்கிறவன் அதற்கொரு பிணம் தர வேண்டும் என்று இன்னொருவர் ஞாபகப்படுத்த, ரூபவதி மேடம் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எனக்கென்ன வேண்டுதலா?" என்று சொல்லி, பொதுப்பாதையில் அந்தரத்தில் இடையூறு செய்ததாக வழக்கு எழுதிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். நகராத தேர்களைப் பற்றி நம் ஊர்களில் ஆயிரம் கதைகள் உண்டு. இறங்காத பாடையைப் பற்றி ஒன்றுகூட இதுவரை பதிவாகவில்லை என்பது ஆராய்ச்சியாளர்களின் குறையே தவிர பாடையின் குறை அல்ல.

கூட்டம் கலைந்ததும் மாசிலாமணி பாடையோரம் வந்து காதருகே சொன்னார்: "தவசி, டாக்டர் வர்ற வரைக்கும் இறங்கிடாதே. மொத்தப் போராட்டமும் இப்ப உன் மேலதான் நிக்குது."

குதித்தால் தோளுயரம்தான், குழந்தைகூடக் குதித்துவிடும். கால்கட்டையும் அவர் அன்று மாலையே அவிழ்த்துக்கொண்டார். ஆனாலும் தவசி என்று பெயர் சொல்லி ஒருவர் அவரிடம் ஒன்றைக் கேட்டு எத்தனையோ காலமாயிற்று. ஆகவே அவர் இருந்துவிட்டார். விடியுமுன் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போய்விட்டு வந்து ஏறிக்கொள்வார். அதுவரை பாடை காத்திருக்கும். ஊர் அதைக் கண்டும் காணாமல் இருந்தது. உண்ணாவிரதம் இருக்கும் தலைவர்களின் விஷயத்தில் நாம் எல்லோரும் கடைப்பிடிக்கிற நாகரிகம்தான் அது.

சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. பாடை நின்ற இடத்தில் பஸ்கள் வேகம் குறைத்தன, பிறகு நின்றன, பிறகு அங்கேதான் நின்றன. "பாடை ஸ்டாப்லாம் எந்திரிச்சு வா!" என்று கண்டக்டர்கள் குரல் கொடுத்தார்கள், வெளியூர்க்காரர்கள் திடுக்கிட்டார்கள், உள்ளூர்க்காரர்கள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். பாடையின் நிழலில் ஆடுகள் படுத்தன, ஆடுகளை ஓட்டிவிட்டுப் பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்கள் உட்கார்ந்தார்கள், அவர்களில் ஒருத்தி, பெயர் கோமதி, பிள்ளை அழுகிறதே என்று அண்ணாந்து பார்த்து, இவ்வளவு உறுதியான மூங்கிலை வீணாக்குவானேன் என்று அதிலேயே சேலையால் தூளி கட்டிவிட்டாள். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. மேலே ஒருவர் செத்துக் கிடப்பார், கீழே ஒரு பிள்ளை தூங்கும், இரண்டும் ஒரே காற்றில் ஆடும். மழைக்கு மேலே கூரை வேய்ந்தார்கள். தேர்தலுக்கு நின்றவர்கள் எல்லாரும் வந்து மாலை போட்டார்கள், ஆளுக்கொரு பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், மாலையில் இருந்த எறும்புகளைத் தவசிலிங்கத்திடம் விட்டுவிட்டுப் போனார்கள்.

காலை முதல் பஸ்ஸுக்கு முன்னால் வேம்பாயி முக்காலியில் ஏறி நின்று இட்லி கொடுப்பாள். அந்நேரத்தில் ஆள்நடமாட்டம் இல்லாததால் பிணம் மெதுவாகப் பேசலாம்.

"அன்னைக்கு அழுதீங்களே" என்று ஒருநாள் ஆரம்பித்தார். இதைக் கேட்பதற்கு அவருக்குச் சித்திரையும் வைகாசியும் தேவைப்பட்டிருந்தன.

"ஆமா, அழுதேன்."

"எனக்கா?"

"உனக்கு எதுக்குய்யா நான் அழுவணும்? நீதான் குத்துக்கல்லாட்டம் இட்லி தின்னுக்கிட்டு கெடக்கியே." முக்காலியில் காலை மாற்றி ஊன்றினாள். "எந்தப் பாடையில எவன் கெடந்தாலும் நான் எம் மவளுக்குத்தான் அழுவேன். பிரசவத்துக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், கொளத்தூர் வளைவு தாண்டல. வண்டியிலேயே ரெண்டு உசிரும் போச்சு. இங்கேயே ஒருத்தர் இருந்திருந்தா... சரி விடு. சட்னி சட்டையில ஒழுவுது பாரு."

அவர் துடைத்துக்கொண்டார். ஒரு வருஷத்துக்குத் தேவையான தைரியத்தை ஒரே நாளில் செலவழித்துவிட்டதால் அப்புறம் வெகுநாள் ஒன்றும் கேட்கவில்லை.

ஆடியில் முதல் சேதி வந்தது. நிஜமாகவே செத்த ஒருவரைத் தெற்கு முக்குக்கு எடுத்துப் போனபோது, அந்தப் பிணத்தின் மருமகள் கூட்டத்திலிருந்து விலகி வந்து தவசிலிங்கத்தின் காதில், "பீரோ சாவியை எங்க வச்சாருன்னு எம் மாமனாரைக் கேட்டுச் சொல்லுங்க" என்றாள். பாதி வழியில் நிற்கிறவர்தானே, அந்தப் பக்கத்துக்கும் கொஞ்சம் கேட்கும் என்று அவள் நினைத்ததில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. மறுநாள் சாவி எங்கோ அகப்பட்டுவிட்டது. அவ்வளவுதான், பஸ்ஸுக்கு வந்தவர்கள், வராதவர்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் என்று ஒவ்வொருவராக வந்து பாடையில் கை வைத்துக் குனிந்து சேதி சொல்ல ஆரம்பித்தார்கள். அப்பா, பங்காளி வரப்பைத் தள்ளிட்டான். அம்மா, உன் சேலையை அவளுக்குக் குடுத்துட்டேன், கோவிச்சுக்காதே. மச்சான், அன்னைக்கு நான் பேசினது தப்பு. ரூபவதி மேடம்கூட ஒருநாள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்து, இன்ஸ்பெக்டராகப் பதவி உயர்வு வரப்போகிறது என்று தன் அப்பாவுக்குச் சொல்லச் சொன்னார். வழக்கு நிலுவையில்தான் இருந்தது.

தவசிலிங்கம் அசையாமல் எல்லாவற்றையும் கேட்டார். பிறந்ததிலிருந்து அவர் காதில் விழுந்த சொற்களையெல்லாம் கூட்டினாலும் அந்த ஐப்பசி மாதத்துக்கு ஈடாகாது. ஒரு நாளில் எத்தனை வாய்கள், எத்தனை மூச்சு, வெற்றிலை வாடையும் அழுகை வாடையும் கலந்த எத்தனை சூடு அவர் காதுமடலில். அதில் ஒரு சொல்கூட அவருக்கானது இல்லை. எல்லாம் அவர் வழியாகப் போயின, குழாய் வழியாகத் தண்ணீர் போகிறதுபோல. குழாய்க்குத் தாகம் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. மாலைகளுக்கு நடுவில், தூளிக்கு மேலே, ஊரின் நட்டநடுவில் கிடந்தபோது அவர் ரைஸ் மில்லின் காக்கைகளை நினைத்துக்கொண்டார். அவை அவரைப் பார்த்துப் பயந்தாவது இருந்தன.

வேம்பாயி மட்டும் சேதி எதுவும் சொன்னதில்லை. தாங்க முடியாமல் அவரே ஒருநாள் கேட்டார். "மகளுக்கு ஏதாவது சொல்லணுமா?"

"நீ அங்கெல்லாம் போவப்போறதில்ல. போறவன் இம்புட்டு இட்லி திங்க மாட்டான்" என்றாள். "எனக்கு வேண்டியது ஒண்ணுதான். அந்தக் கதவு தெறக்கணும். அதுக்குத்தானே உன்னைத் தூக்கினோம்? யாருக்காச்சும் ஞாபகம் இருக்கா?"

இல்லைதான். சங்கத்தில் இப்போது வேறு வேலைகள் இருந்தன. பங்குனி வந்தால் பாடை நின்று ஒரு வருஷம். அதற்கு விழா எடுப்பதா, எடுத்தால் ஒரு நாளா மூன்று நாளா, மேளம் எங்கிருந்து என்று தினமும் மாலையில் பாடைக்கடியில் நாற்காலி போட்டுப் பேசினார்கள். மாசிலாமணி தலைமை தாங்கினார். மனைவி போன பிறகு மாலை நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தவர் அவர்.

இந்த நிலையில், தை மாதத்தில் ஒரு முற்பகல், கையில் சூட்கேஸோடு ஓர் இளம்பெண் பஸ்ஸிலிருந்து இறங்கி, பாடையையும் தூளியையும் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஆஸ்பத்திரி எது?" என்று கேட்டாள். டாக்டர் பெனிட்டா. நாகர்கோவில்காரி.

ஊர் கூடிவிட்டது. மாசிலாமணிக்கு ஆள் போயிற்று. அவர் சால்வையோடு வந்து போர்த்தினார், ஆனால் சாவியை எடுக்கவில்லை.

"பங்குனியில ஆண்டுவிழா வச்சிருக்கோம் டாக்டர். எம்.எல்.ஏ. வர்றார். அன்னைக்கு முறைப்படி பூட்டைத் திறந்துடலாம். அதுவரைக்கும் நீங்க எங்க வீட்டு மாடியில தங்கிக்கலாம்."

"அது சரிப்படாது சார். இண்ணைக்கு சாயங்காலத்துக்குள்ள நான் வேலையில சேந்தாச்சுன்னு தகவல் கொடுக்கணும். கதவே தொறக்கல்லண்ணா நான் எங்க போய் சேர? நாலு மணி பஸ்ஸுல திரும்பிப் போவேன். பெறவு இந்த ஊருக்குக் கேட்டு வாங்கி வர ஆள் கிடையாது, பாத்துக்கிடுங்க. நானும் கேட்டு வாங்கி வரல்ல."

சொல்லிவிட்டு அவள் பாடை நிழலில் சூட்கேஸின் மேல் உட்கார்ந்துகொண்டாள். மதியம் தாண்டியும் கூட்டம் இரண்டாகப் பிரிந்து முணுமுணுத்தது. டாக்டர் வந்தால் போராட்டம் முடிந்துவிடும், போராட்டம் முடிந்தால் பாடை இறங்கிவிடும், பாடை இறங்கினால் பஸ் நிற்காது, சேதி போகாது. "ரெண்டு மாசம்தானே, பொறுக்கக் கூடாதா? இத்தனை வருஷம் பொறுக்கலையா?" என்றார் ஒருவர்.

வேம்பாயி கடையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "ஏன் வாத்தியாரே, அந்தச் சாவி உங்க இடுப்புல இருக்கா, இல்ல இடுப்பே அதுலதான் இருக்கா? அவுத்தா வேட்டி கழண்டுருமோ?"

"நீ சும்மா இரு வேம்பாயி. எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு."

"எம் மவளுக்கு முறை வரலியே வாத்தியாரே!"

மாசிலாமணி பாடையின் மறுபக்கம் போய், வழக்கம்போலக் குனிந்து காதருகே பேசினார். "தவசி, நீயாவது கேளு. நீ இறங்கிட்டா அப்புறம் என்னய்யா இருக்கு? நாளைக்குச் சாயங்காலம் நான் எங்க போய் உட்காருவேன்? நீதான் எங்க போவே? மறுபடி நெல்லு காக்கவா? இங்க உன்னைச் சுத்தி எவ்வளவு பேரு, யோசிச்சுப் பாரு."

தவசிலிங்கம் யோசித்துப் பார்த்தார். இத்தனை மாதத்தில் அவருக்கென்றே சொல்லப்பட்ட சேதி இது ஒன்றுதான். அது உண்மையாகவும் இருந்தது. இறங்கினால் பின்னறையும் காக்கைகளும். இறங்காவிட்டால் மாலைகள், பங்குனி விழா, காதோரத்தில் ஊர் முழுவதன் மூச்சு. நான்கு மணி பஸ் கொளத்தூர் வளைவில் அடிக்கிற ஹாரன் தூரத்தில் கேட்டது. டாக்டர் எழுந்து சூட்கேஸைத் தூக்கினாள். வேம்பாயி அழவில்லை, கரண்டியைப் பிடித்தபடி பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அழுவதற்கும் நேரம் இல்லாதவளைப்போல.

பிணம் எழுந்து உட்கார்ந்தது. கூட்டம் ஒரே மூச்சாகப் பின்வாங்கியது. தவசிலிங்கம் கீழே எட்டிப் பார்த்து, மேலண்ணத்திலிருந்து நாக்கைப் பிரித்தெடுத்து, தன் வாழ்நாளிலேயே பொதுவிடத்தில் உரக்கப் பேசிய முதல் வசனத்தைப் பேசினார்:

"கோமதி, பிள்ளையை எடும்மா. நான் இறங்கணும்."

கோமதி ஓடிவந்து பிள்ளையை எடுத்து, தூளியையும் உருவிக்கொண்டாள். அவர் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைத் தொங்கவிட்டு, பட்டப்பகலில், ஊர் பார்க்கக் குதித்தார். அவர் பாதம் தரையில் பட்ட அதே நேரத்தில் பாடையும் விழுந்தது. கூரை ஒரு பக்கம், மூங்கில் ஒரு பக்கம், கீற்று ஒரு பக்கமாகச் சிதறி, தூசி எழும்பி, ஆடுகள் வந்து கீற்றைத் தின்னத் தொடங்கின.

முதலில் வாய் திறந்தவள் பீரோ சாவிக்காரிதான். "அப்ப நாங்க சொன்னதெல்லாம்? போய்ச் சேர்ந்துச்சா இல்லியா?"

ஆமென்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாடகக்காரர்தானே. "இல்லம்மா" என்றார் தவசிலிங்கம். "எனக்கு அங்க யாரையும் தெரியாது."

யாரும் திட்டவில்லை. ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தங்கள் வீட்டு ரகசியங்கள் எல்லாம் இரண்டு காலில் எதிரே நின்று தங்களைப் பார்ப்பதை அவர்களால் தாங்க முடியவில்லை. அவர் நடக்க நடக்க வழி விட்டார்கள். அது மரியாதைக்கு விடுகிற வழி அல்ல. மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த கால்கள் தள்ளாடின, பிடிக்க ஒரு கையும் நீளவில்லை. அப்படியே தள்ளாடிப் போய் ஆஸ்பத்திரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தெறங்க வாத்தியாரே. எனக்கு உடம்பு சரியில்ல. டாக்டரைப் பாக்கணும்."

மாசிலாமணி அவரைப் பார்த்தார், சிதறிக் கிடந்த மூங்கிலைப் பார்த்தார். பிறகு இடுப்பில் கை விட்டு முடிச்சை அவிழ்க்க முயன்றார். முடிச்சு இறுகிப்போயிருந்ததால் கயிற்றோடு அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பூட்டு முனகியது. நான்கு மணி பஸ் வந்து, பாடையைத் தேடிக் குழம்பி, சற்றுத் தள்ளி நின்று, டாக்டரை ஏற்றாமல் போயிற்று. செத்தவனே வரிசையில் நிற்கிறான், நமக்கென்ன என்று இருமல்காரர் ஒருவர் பின்னால் வந்து நின்றார், நன்றாக இடைவெளி விட்டு. அவருக்குப் பின்னால் கோமதி, பிள்ளையோடு. அப்புறம் வரிசை நீண்டது.

உள்ளே தூசி கணுக்கால் வரை இருந்தது. பெனிட்டா கைக்குட்டையால் ஸ்டூலைத் துடைத்து அவரை உட்கார வைத்தாள்.

"பேரு?"

"தவசிலிங்கம்."

"என்ன செய்யுது?"

இப்படிக் கேட்டால் என்ன சொல்வது என்று அவர் எந்தக் காலத்திலும் தயார் செய்து வைத்திருக்கவில்லை. "தெரியல டாக்டர். ரொம்ப நாளா இருக்கு."

அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள், கண்ணிமையை விரித்துப் பார்த்தாள். "ரத்தமே இல்லியே. ஊசி போடணும். கூட யாரு வந்திருக்கா?"

ஆஸ்பத்திரிகளில் எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். தவசிலிங்கம் திரும்பிப் பார்த்தார். வாசலில் நின்ற வரிசை, தங்களைச் சொல்லிவிடுவாரோ என்று ஓரடி பின்னால் போயிற்று. இருமல்காரர் கூரையைப் பார்த்தார். அறைக்குள் இருந்தது ஒரே ஓர் ஆள். எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை, சுவரோரத்து இரும்புக் கட்டிலைப் பார்த்தபடி, அதன் கம்பியை ஒரு விரலால் தொட்டபடி வேம்பாயி நின்றாள்.

"அந்தம்மா உங்க கூட வந்தவங்களா?" என்றாள் பெனிட்டா.

தவசிலிங்கம் தரையைப் பார்த்தார். வேம்பாயி முந்தானையால் கட்டிலின் தூசியைத் தட்டினாள், தட்டிய இடத்தில் உட்கார்ந்தாள், முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சின்ன ஊசியா பாத்துப் போடுங்கம்மா" என்றாள். "அந்த ஆளு அசைய மாட்டாரு. ஆனா வலிக்கும்."